காலராக் கிருமிக்குள் ஒரு ஸ்டார்ட்டர்!

- மூன்றாமாண்டு மாணவி, மின்னியல் துறை

டி.ஓ.எல். ஸ்டார்ட்டரைத் தெரியாதவர் நம்ம துறையில் யாரும் இருக்க முடியாது. மற்ற துறை நண்பர்களுக்காக இரண்டே வரி. பச்சை பட்டனை ஒரு தரம் அமுக்கினால் மோட்டார் ஓடும். விரலை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். எப்படி? பட்டனை அமுக்கும்போது உள்ளே இருக்கிற காயிலுக்குக் கரண்ட் போகிறது. காயில் காந்தமாகிக் காண்டாக்ட்டுகளை இழுத்து மூடுகிறது. மோட்டாருக்குப் போகும் மூன்று காண்டாக்ட்டுகளோடு, ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னக் காண்டாக்ட்டும் சேர்ந்தே மூடிக்கொள்கிறது. அந்தச் சின்னது வழியாகத்தான் அதே காயிலுக்குக் கரண்ட் திரும்ப வருகிறது. அதாவது காயில் தன்னைத்தானே பிடித்து வைத்துக்கொள்கிறது! வைவாவில் தவறாமல் கேட்பார்களே, 'ஹோல்டிங் காண்டாக்ட்' என்று... அதுதான் இது.

இதே வேலையைக் கம்பியும் இல்லாமல் காந்தமும் இல்லாமல் ஒரு பாக்டீரியா செய்கிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்குதான். அதுதான் காலராக் கிருமி.

நம்ம சிலபஸில் இல்லாத சமாச்சாரத்தை எதுக்கு எழுதறேன்னு கேட்பீங்க. எங்க ஆயா சின்னப் பிள்ளையா இருந்தப்போ, திருவள்ளூர் பக்கம் அவங்க கிராமத்தில் வாந்திபேதி வந்ததாம். அவங்க அண்ணன் காலையில் ஏர் ஓட்டப் போனவர், மறுநாள் விடியும்போது இல்லை. அந்த நோயின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களாம். ஊர் செய்த பாவம் என்று பேசிக்கொண்டார்களாம். ஆயா இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். குளத்துத் தண்ணியில் இருக்கும்போது இந்தக் கிருமி பாட்டுக்கு இருக்கிறது. மீனையும் கொல்வதில்லை, பாசியையும் கெடுப்பதில்லை. மனுஷன் வயிற்றுக்குள் போனதும் விஷம் கக்குகிறது. தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? கண்ணா இருக்கு, மூக்கா இருக்கு? எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அதனால் இந்தக் கேள்வியைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. நூலகத்திலும் கம்ப்யூட்டரிலும் தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கதை. இது பலருக்குத் தெரியாது.

காலராக் கிருமியில் பல வகை உண்டு. அதன் வெளித்தோலில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை வைத்து ஓ-1, ஓ-2 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். கிருமி போட்டிருக்கும் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டில் கிருமியை வைத்து அதற்குரிய ஆன்ட்டிசீரத்தை ஒரு சொட்டு விட்டால், சட்டை பொருந்தினால் தயிர் திரிந்த மாதிரி கட்டிக்கொள்ளும். 1992 வரை கொள்ளை நோயாகப் பரவியது ஓ-1 சட்டைக்காரன் ஒருவன்தான். மற்றவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வயிற்றைக் கலக்குவார்கள், அவ்வளவே.

1992 கடைசியில் மெட்ராஸில் (அப்போது அதுதான் பெயர்) காலரா மாதிரியே நோயாளிகள் வந்தார்கள். அதே வயிற்றுப்போக்கு, அதே வேகம். ஆனால் ஓ-1 ஆன்ட்டிசீரம் ஊற்றினால் கட்டவே இல்லை! அதே சமயத்தில் வேலூரிலும் மதுரையிலும் இதே கதை. கொஞ்ச நாளில் கல்கத்தா, 1993 தொடக்கத்தில் வங்கதேசம் முழுக்க என்று பரவியது. அதுவரை பதிவில் இருந்த சட்டைகள் 138. அதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. ஆகவே ஓ-139 என்று புது எண் கொடுத்தார்கள். கூடவே 'பெங்கால்' என்று ஒரு பெயரும் வைத்தார்கள். முதலில் தெரிந்தது மெட்ராஸில், பெயர் மட்டும் பெங்கால்! வங்காள விரிகுடாக் கரையோரம் வந்ததால் வைத்த பெயராம், அதனால் நாம் கோபப்பட வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. காலரா அடிக்கடி வரும் வங்காளப் பகுதியில் பெரியவர்களுக்குப் பழைய நோயால் எதிர்ப்புச் சக்தி இருக்கும். குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள். ஓ-139 வந்தபோது பெரியவர்களே கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். காரணம், அவர்கள் உடம்பு அடையாளம் வைத்திருந்தது பழைய சட்டையை. திருடன் சட்டையை மாற்றிவிட்டான், வாட்ச்மேன் விட்டுவிட்டார்! பிறகு மரபணுக்களை ஆராய்ந்தபோது, உள்ளே இருந்தது அதே பழைய எல்டோர் ஓ-1 ஆள்தான் என்று தெரிந்தது. அதே விஷ ஜீன், அதே ஒட்டிக்கொள்ளும் ரோமம், அதே சுவிட்ச். சட்டை நெய்யும் ஜீன்கள் மட்டும் மாறியிருந்தன. மேலே போர்வை மாதிரி ஒரு உறை கூடுதல். சில வருடங்களில் ஓ-1 திரும்ப மேலே வந்துவிட்டது, ஓ-139 அபூர்வமாகிவிட்டது.

'சட்டை மாறியது, சுவிட்ச் மாறவில்லை' - இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சுக்கு வருவதற்கு முன்னால் விஷத்தைப் பற்றிக் கொஞ்சம்.

1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அது ஏதோ விஷத்தைச் சுரக்கிறது என்றும் அவர் சந்தேகப்பட்டார். ஆனால் அதை நிரூபிக்க 75 வருஷம் ஆனது. நிரூபித்தவர் நம் நாட்டுக்காரர், கல்கத்தாவின் சம்புநாத் டே. முயலின் சிறுகுடலில் இரண்டு பக்கமும் கட்டுப்போட்டு, நடுவில் உள்ள துண்டுக்குள் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாமல் செலுத்தினார். குடல் தண்ணீரால் உப்பியது! கிருமி வேண்டாம், அது விட்டுப்போன விஷமே போதும் என்று 1959-ல் எழுதினார். பெரிய கருவி எதுவும் இல்லாமல் செய்த வேலை இது. அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த விஷம் என்ன செய்கிறது தெரியுமா? அதில் ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்து குடல் செல்லின் மேல் உட்காரும். இன்னொரு துண்டு உள்ளே நுழையும். அங்கே செல்லுக்குச் சொந்தமான ஒரு சுவிட்ச் இருக்கிறது. உப்பையும் தண்ணீரையும் குடலுக்குள் விடலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது அதுதான். விஷம் அதை 'ஆன்' நிலையிலேயே ஒட்ட வைத்துவிடும். காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்ட ரிலே மாதிரி! சப்ளையை நிறுத்தினாலும் விடாதே, அந்த மாதிரி. அப்புறம் அரிசி கழுவிய தண்ணீர் போல ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூட வெளியே போகும். ஆயாவின் அண்ணன் ஒரே ராத்திரியில் போனது இப்படித்தான்.

விஷம் என்பது ஒரு புரதம். புரதம் என்றால் அதற்கு ஒரு ஜீன் இருக்க வேண்டும். எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் வேலை பார்க்கிறார். 'டிராயிங் வந்தாத்தான் பீஸ்' என்பார். ஜீன்தான் டிராயிங், புரதம்தான் பீஸ். காலராக் கிருமியின் முழு டி.என்.ஏ.வையும் 2000-ல் படித்து முடித்தார்கள். சுமார் 40 லட்சம் எழுத்துகள், 3,800-க்கு மேல் ஜீன்கள். எல்லா டிராயிங்கையும் ஒரே நேரத்தில் மெஷினில் போட்டால் பட்டறை திவாலாகிவிடும் இல்லையா? விஷம் செய்யவும் செலவு இருக்கிறது. குளத்தில் கிடக்கும்போது அதை எதற்குச் செய்வது? ஆகவே எந்த டிராயிங்கை எப்போது எடுப்பது என்று சொல்ல ஒரு ஃபோர்மேன் வேண்டும். அந்த ஃபோர்மேன்தான் டி.என்.ஏ.வில் ஒட்டும் புரதம்.

டி.என்.ஏ. முறுக்கிய ஏணி என்று பத்தாவதில் படித்திருக்கிறோம். முறுக்கு இருக்கும் இடத்தில் பள்ளம் இருக்கும். இந்தப் புரதத்தின் ஒரு பகுதி அந்தப் பள்ளத்தில் பொருந்தி உட்காரும். எல்லா இடத்திலும் உட்காராது. குறிப்பிட்ட எழுத்து வரிசை இருந்தால்தான் உட்காரும். போல்ட்டுக்கு ஏற்ற நட்டு போல. உட்கார்ந்த பிறகு, நகல் எடுக்கும் இயந்திரத்தை 'வா, இங்கே ஆரம்பி' என்று கூப்பிடும், அல்லது வழியை மறித்துக்கொள்ளும். இதில் முக்கியமான சங்கதி, ஃபோர்மேனும் ஒரு புரதம்தான்! அவரைச் செய்வதற்கும் அதே பீரோவில் ஒரு டிராயிங் இருக்கிறது. அப்படியானால் அந்த டிராயிங்கை எடுக்கச் சொல்வது யார்? பல நேரங்களில் அவரேதான்.

இப்போது கிருமி நம் வாய்க்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வயிற்று அமிலத்தில் பெரும்பாலானவை செத்துவிடும். தப்பியவை சிறுகுடலுக்கு வரும்.

அந்த நேரம் வரை விஷ ஜீன்கள் பூட்டிக் கிடக்கும். 'ஹெச்-என்-எஸ்' என்று ஒரு புரதம் அந்த டிராயிங்குகளின் மேல் ரப்பர் பேண்டு போட்டாற்போல் சுற்றிக்கொண்டிருக்கும்.

கிருமியின் சவ்வில் 'டாக்ஸ்-ஆர்' என்ற புரதம் குறுக்கே சொருகி இருக்கிறது. மில்லரும் மெக்கலானோஸும் 1984-ல் இதன் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரு முனை சவ்வுக்கு வெளிப்புறம், இன்னொரு முனை உள்ளே. வெளிமுனை சூழ்நிலையை உணர்கிறது, உள்முனை டி.என்.ஏ.வைப் பிடிக்கிறது. பேனல் கதவில் பட்டன் வைக்கிறோமே, விரல் படுவது வெளியே, காண்டாக்ட் மூடுவது உள்ளே - அச்சு அசல் அதேதான்! விஷ ஜீனுக்கு முன்னால் டி-டி-டி-டி-ஜி-ஏ-டி என்ற ஏழு எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. டாக்ஸ்-ஆர் அங்கே உட்காரும் என்று 1987-ல் காட்டினார்கள். 'டி-சி-பி-பி' என்று சவ்விலேயே இருக்கும் இன்னொரு புரதமும் இதற்குக் கூட்டாளி. பித்தநீர் முதலான குடலின் அடையாளங்கள் இவர்களுக்குத் தெரியும். ஆயா கதையில் எனக்கு வந்த கேள்விக்கு முதல் பதில் இதுதான். கண்ணும் இல்லை மூக்கும் இல்லை, கதவில் ஒரு பட்டன்!

இந்த இருவரும் சேர்ந்து 'டாக்ஸ்-டி' என்கிற மூன்றாவது புரதத்தின் ஜீனை எழுப்புகிறார்கள். டாக்ஸ்-டிதான் நிஜமான காண்டாக்டர். அது ஹெச்-என்-எஸ் ரப்பர் பேண்டைத் தள்ளிவிட்டு இரண்டு வேலையை ஆரம்பித்துவைக்கிறது. ஒன்று, குடலில் தங்கிப் பெருக உதவும் ரோமங்கள். இன்னொன்று, விஷம்.

இப்போதுதான் ஹோல்டிங் காண்டாக்ட் வருகிறது, கவனியுங்கள்! ரோமத்துக்கான ஜீன்கள் டி.என்.ஏ.வில் ஒரே வரிசையில் இருக்கின்றன. டாக்ஸ்-டியின் சொந்த ஜீனும் அதே வரிசையில், சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. டாக்ஸ்-டி வந்து ரோமத்தின் டிராயிங்கை ஓட்டச் சொன்னால், நகல் இயந்திரம் ரோமத்தை முடித்துவிட்டு அப்படியே மேலே போய் டாக்ஸ்-டியின் டிராயிங்கையும் சேர்த்து நகல் எடுத்துவிடும். ஆக, டாக்ஸ்-டி வேலை செய்தால் இன்னும் டாக்ஸ்-டி வரும். அது வந்தால் இன்னும் வேலை நடக்கும். பச்சை பட்டனிலிருந்து விரலை எடுத்தாலும் மோட்டார் ஓடும்! மோட்டாருக்குப் போகும் காண்டாக்ட்டும் ஹோல்டிங் காண்டாக்ட்டும் ஒரே ஆர்மேச்சரில் இருப்பது போல, ரோமமும் டாக்ஸ்-டியும் ஒரே வரிசையில். இதை முதன்முதலாகப் படித்த அன்று நான் ஸ்டார்ட்டர் சர்க்யூட்டை நோட்டில் போட்டு, காயில் இருக்கும் இடத்தில் டாக்ஸ்-டி என்று எழுதிப் பார்த்தேன். ஒரு கோடுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஓடுகிற மோட்டாருக்குச் சிவப்பு பட்டனும் வேண்டுமே? இங்கே ஒன்று இல்லை, பல இருக்கின்றன. 2010-ல் டாக்ஸ்-டியின் படிக வடிவத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு ஆச்சரியம். புரதத்தின் வயிற்றுக்குள் ஒரு கொழுப்பு அமிலம் சொருகியிருந்தது! அது இருந்தால் டாக்ஸ்-டியால் டி.என்.ஏ.வைச் சரியாகப் பிடிக்க முடியாது. பித்தநீரில் இந்த வகைக் கொழுப்பு அமிலங்கள் உண்டு. ஆகவே குடலின் நடுவில் மிதக்கும்போது சுவிட்ச் அடங்கியிருக்கும், சுவரோரம் போனதும் விழித்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். தவிர, வேலை முடியும் நேரத்தில் டாக்ஸ்-டியையே வெட்டிப்போடும் நொதிகளும் கிருமிக்குள் உண்டு.

இன்னொரு சிவப்பு பட்டன் 'ஹாப்-ஆர்'. ஒவ்வொரு கிருமியும் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் பெருகப் பெருக அந்தப் பொருளின் அடர்த்தி கூடும். தலைகளை எண்ண ஒரு வழி! கூட்டம் போதும் என்றானதும் ஹாப்-ஆர் பெருகி, டி-சி-பி-பியை எழுப்பும் ஆளை அமுக்கிவிடும். ஸ்டார்ட் பட்டனுக்குப் போகும் ஒயரையே கழற்றிவிட்ட மாதிரி. இந்த ஹாப்-ஆர் தன் சொந்த ஜீனின் முன்னாலும் போய் உட்கார்ந்து தன் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டு மாடி டேங்க்கில் மிதவை வால்வு இருக்கிறதே, தண்ணீர் ஏறினால் தானே அடைத்துக்கொள்ளும், அதைப் போல. டாக்ஸ்-டி தன்னைப் பெருக்கிக்கொள்கிறது, ஹாப்-ஆர் தன்னை அடக்கிக்கொள்கிறது. ஒரே உடம்பில் ஸ்டார்ட்டரும் இருக்கிறது, மிதவையும் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: 2000-ல் முழு டி.என்.ஏ.வும் படிக்கப்பட்ட அந்த எல்டோர் ரகத்தில் ஹாப்-ஆர் பழுது! ஆனாலும் அது நன்றாகவே நோய் உண்டாக்குகிறது. ஒரு பட்டன் போனால் எல்லாம் போய்விடும் என்பதில்லை.

ஹோல்டிங் காண்டாக்ட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. உடம்பை விட்டு வெளியேறும் நேரத்தில் எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி அணைவதில்லை. சிலவற்றில் சுவிட்ச் ஆன், சிலவற்றில் ஆஃப், நடுவில் எதுவும் இல்லை. இதுவும் 2010-ல் வந்த ஆராய்ச்சிதான். அடுத்த ஆள் வயிற்றுக்குப் போனாலும் சரி, குளத்துக்குப் போனாலும் சரி, பாதிப் பேர் தயார் என்று வைத்துக்கொள்ளலாம். நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரன்!

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் நாலு நாள் குழாய்த் தண்ணி கலங்கலாக வந்தது. என் தங்கச்சிக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. அது காலராவா வேறு எதுவோ, யாரும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கவில்லை. அம்மா என்ன செய்தாங்க தெரியுமா? தண்ணி குடுக்கறதை நிறுத்திட்டாங்க. "குடிக்கக் குடிக்கத்தான் போவுது, வயித்தைக் காயப்போட்டா நிக்கும்"னு சொன்னாங்க. ஆயாவும் அதையேதான் சொன்னாங்க, அவங்க ஊரில் அப்படித்தான் செய்தார்களாம். நான் சண்டை போட்டு உப்பு-சர்க்கரைப் பாக்கெட் வாங்கி வந்து கரைத்துக் கொடுத்தேன். "தண்ணி வெளிய போற கதவுதாம்மா ஒட்டிக்கிச்சு. உள்ள வர்ற கதவு வேற, அது நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னேன். உண்மையும் அதுதான். குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக்கொண்டு குடல் செல்லுக்குள் நுழைய ஒரு தனி வழி உண்டு. காலரா விஷம் அதைத் தொடுவதில்லை. அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். வெறும் தண்ணீர் அந்த அளவுக்குப் போகாது, உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர வேண்டும். ராத்திரி பத்து மணிக்குத் தங்கச்சி எழுந்து உட்கார்ந்து பசிக்குதுன்னு கேட்டா.

இந்தக் கரைசலைப் பெரிய அளவில் நிரூபித்தவரும் நம் நாட்டவர்தான். 1971 வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் காலரா வந்தது. குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் டிரம்மில் உப்பும் குளுக்கோஸும் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். 100-க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் 4 பேருக்கும் குறைவாக ஆனது. 2022-ல் அவர் இறந்தார். 2023-ல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

காலரா பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்து பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள். நோய்ப் பரவலை ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்று நமக்கு ரொம்பப் பக்கத்தில், அயப்பாக்கத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸில் எத்தனை தரம் தாண்டிப் போயிருப்போம்!

சரி, சுவிட்சுக்கே திரும்புவோம். கிருமியைக் கொல்லும் மருந்துக்குக் கிருமி பழகிக்கொள்கிறது. சட்டையைப் பார்த்துப் பிடிக்கும் எதிர்ப்புச் சக்தியை 1992-ல் மெட்ராஸ் கிருமி ஏமாற்றிவிட்டது. அப்படியானால் அதைக் கொல்லாமல், சட்டையையும் பார்க்காமல், ஸ்டார்ட்டரின் காயிலை மட்டும் கழற்றிவிட்டால் என்ன? ஓ-1 ஆனாலும் ஓ-139 ஆனாலும் உள்ளே அதே டாக்ஸ்-டிதானே!

மெக்கலானோஸ் குழுவினர் இதைச் செய்தே பார்த்தார்கள். 50,000 வேதிப்பொருட்களை ஒவ்வொன்றாகச் சோதித்து ஒன்றைப் பிடித்தார்கள். 2005-ல் அதற்கு 'விர்ஸ்டாட்டின்' என்று பெயர் வைத்தார்கள். டாக்ஸ்-டி இரண்டு இரண்டாகச் சேர்ந்து வேலை செய்வதை அது தடுக்கிறது. குழாயில் கிருமி வழக்கம்போல வளர்கிறது, ஆனால் விஷமும் இல்லை, ரோமமும் இல்லை. எலிக்குட்டிகளுக்குக் கொடுத்தபோது கிருமியால் குடலில் தங்க முடியவில்லை. மருந்துக்கடைக்கு அது இன்னும் வரவில்லை, எலியிலிருந்து மனுஷனுக்கு வருவது பெரிய தூரம்.

அதிலும் ஒரு முட்டுக்கட்டை அப்போதே தெரிந்துவிட்டது. டாக்ஸ்-டி என்பது 276 மணிகள் கோத்த மாலை. அதில் 113-ஆவது மணி ஒன்று மட்டும் வேறாக இருந்தால் விர்ஸ்டாட்டின் பலிப்பதில்லை. மருந்தைக் கண்டுபிடித்தவர்களே அந்த மாறிய கிருமியையும் தேடிப் பிடித்து, அதே கட்டுரையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.